அச்சின் பேச்சைக் கேட்காத பித்தளை

வீட்டில் ஒயரிங் வேலை நடந்து மிச்சமான ஒற்றைச் செப்புக் கம்பித் துண்டு கிடைத்தால் எடுத்துக்கொள்ளுங்கள். மேலுறையை உரித்துவிட்டு நடுவில் ஒரு வளை வளையுங்கள். சொன்ன பேச்சைக் கேட்டு வளையும். இப்போது அதை நிமிர்த்துங்கள். நிமிராது. முதலில் வளைந்த இடம் கூன் விழுந்தபடி அப்படியே நிற்கும். அதற்கு இரண்டு பக்கமும் இருக்கிற நல்ல கம்பிதான் வளைந்து கொடுக்கும். மேசையில் வைத்து உருட்டினாலும் பல்லில் கடித்து இழுத்தாலும் அந்தக் கூன் முழுதாகப் போகாது. சின்ன வயதில் நாம் எல்லோரும் இதில் தோற்றவர்கள்தான்.

வளைத்ததும் நிமிர்த்துவதும் அதே விரல்கள், கம்பியும் அதே கம்பி. வளைக்கும்போது இருந்த இணக்கம் நிமிர்த்தும்போது எங்கே போனது?

இந்தக் கேள்வியோடு மல்லுக்கட்டியே மாலைப்பொழுதைக் கழிக்கும் ஒரு கூட்டம் அமெரிக்காவில் இருக்கிறது. சுட்டு முடித்த ரைஃபிள் தோட்டாவின் பித்தளைக் கூட்டைத் தூக்கி எறியாமல், வீங்கிப்போனதைப் பழைய அளவுக்குச் சுருக்கி, புதுக் குண்டு வைத்து மறுபடி சுடுகிறவர்கள். வேட்டைக்காரர்கள், இலக்குச் சுடும் போட்டிக்காரர்கள், ஓய்வுபெற்ற பொறியாளர்கள். நம் ஊரில் உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி குற்றம். அங்கே பல மாநிலங்களில் இது கராஜில் நடக்கும் பொழுதுபோக்கு. எனக்குத் துப்பாக்கி மோகம் கிடையாது. ஐடஹோவில் ஒரு நண்பரின் கராஜில் ஒரு மாலை உட்கார்ந்து பார்த்தபோது என்னை இழுத்துப் பிடித்தது பித்தளை.

தோட்டா என்று நாம் பொதுவாகச் சொல்வது நான்கு பொருள்களின் சேர்க்கை. முன்னால் பறந்துபோகும் குண்டு. அதைத் தள்ளும் மருந்து. அந்த மருந்துக்குத் தீ வைக்கும், தீபாவளித் துப்பாக்கிக் கேப்பின் பெரியண்ணன் போன்ற ஒரு கேப்பு. இந்த மூன்றையும் சேர்த்துப் பிடித்திருக்கும் கூடு. சுட்டவுடன் குண்டு போய்விடும், மருந்து எரிந்துவிடும், கேப்பு செத்துவிடும். கூடு மட்டும் கையில் மிஞ்சும். நான்கில் பெரும்பாலும் விலை கூடியதும் அதுதான்.

நண்பர் வைத்திருந்தது .308 வின்செஸ்டர் என்ற ரகம். 1952-இல் சந்தைக்கு வந்தது. 1954-இல் நேட்டோ ராணுவங்கள் ஏற்றுக்கொண்ட 7.62 மி.மீ. தோட்டாவுக்கு உடன்பிறப்பு. கூட்டின் நீளம் 51 மி.மீ., ஏறக்குறைய ஒரு சுண்டுவிரல். உருவத்தில் ஒரு சின்னப் பாட்டில்: தடித்த அடி, மேலே லேசாகக் குறுகும் உடம்பு, சட்டென்று சரியும் தோள், அதற்கு மேல் குண்டைக் கவ்வும் கழுத்து. செம்பு எழுபது பங்கு, துத்தநாகம் முப்பது பங்கு கலந்த பித்தளை. அந்த விகிதத்துக்கே தோட்டாப் பித்தளை என்று பெயர் விழுந்துவிட்டது. ஒரு தட்டையான வில்லையைப் படிப்படியாக இழுத்து நீளக் கிண்ணமாக்கினாலும் கிழியாமல் ஒத்துழைக்கும் உலோகம் அது.

சுடும்போது அந்தக் கூட்டுக்குள் என்ன நடக்கிறது? இந்த ரகத்துக்கு அமெரிக்கத் தொழில்துறை வைத்திருக்கும் உச்சவரம்பு சதுர அங்குலத்துக்கு 62,000 பவுண்டு அழுத்தம். உங்கள் கார் டயரில் இருப்பது முப்பத்துச் சொச்சம். அதாவது டயரைப் போல இரண்டாயிரம் மடங்குக்குச் சற்றுக் குறைவு, ஒரு நொடியில் ஆயிரத்தில் ஓரிரு பங்கு நேரத்துக்கு. பித்தளை உப்பி, துப்பாக்கியின் எஃகு அறைச் சுவரோடு அப்பிக்கொள்கிறது. அப்பிக்கொள்வதுதான் அதன் வேலையே. வாயு பின்னால் கசிந்து சுடுகிறவர் முகத்தில் அடிக்காமல் அடைப்பது அதுதான். குண்டு வெளியேறி அழுத்தம் விழுந்ததும் பித்தளை ஒரு மயிரிழை சுருங்குகிறது. அந்த மயிரிழை இல்லாவிட்டால், மழைக்காலத்தில் உப்பிய மரக்கதவு நிலையில் மாட்டிக்கொள்வதைப் போலக் கூடு அறைக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும்.

இந்த மயிரிழைச் சுருக்கத்துக்கு ஒரு பெயர் வைத்துக்கொள்வோம்: பின்மீள்வு. வளைத்ததை விட்டதும் கொஞ்சம் திரும்பி வருவது. நமக்கு உதவிய இதே பின்மீள்வு அடுத்த கட்டத்தில் எதிரணிக்குப் போய்விடும்.

வெளியே வந்த கூடு இப்போது அந்தக் குறிப்பிட்ட துப்பாக்கியின் அறைக்கு எடுத்த அச்சுவார்ப்பு மாதிரி இருக்கும். நண்பர் மைக்ரோமீட்டரில் கழுத்தின் வெளிவிட்டத்தை அளந்தார்: 8.71 மி.மீ. குண்டின் விட்டம் 7.82. கழுத்துச் சுவரின் கனம் பக்கத்துக்கு 0.38. கூட்டிப் பார்த்தால் குண்டு பொருந்தி உட்கார்ந்த கழுத்து 8.58 இருக்க வேண்டும். ஆக 0.13 மி.மீ. தளர்வு. புதுக் குண்டை வைத்தால் கிணற்றில் கல் விழுவதுபோல் உள்ளே விழுந்துவிடும். கழுத்தைச் சுருக்கியாக வேண்டும். உடம்பும் அறைக்குள் சிரமமில்லாமல் போய்வரும் அளவுக்குக் கொஞ்சம் இளைக்க வேண்டும்.

இதற்கான கருவியை அளவச்சு என்று சொல்லலாம். முறுக்கு அச்சு மாவுக்கு உருவம் கொடுக்கிறது. அளவச்சு ஏற்கெனவே உருவம் உள்ள கூட்டை அதன் அளவுக்குத் திருப்பிக் கொண்டுவருகிறது. கனமான எஃகு உருளை, உள்ளே கூட்டின் உருவத்தில் குடைந்த பள்ளம். பிரஸ்ஸின் மேல்பக்கம் அதைத் திருகிப் பொருத்துகிறார்கள். கூட்டின் அடியைக் கீழே ஒரு பிடியில் செருகி நெம்புகோலை இழுத்தால், கூடு மேலேறி அச்சுக்குள் நுழையும்.

இந்தத் தொழிலின் வரலாற்றில் ஒரு வேடிக்கை. அளவச்சும் பிரஸ்ஸும் செய்து பேர்பெற்ற ஆர்.சி.பி.எஸ். கம்பெனி 1943-இல் கலிஃபோர்னியாவின் ஓரொவில் ஊரில் தொடங்கியபோது, அதை நிறுவிய ஃப்ரெட் ஹன்டிங்டன் வேலை செய்தது தன் அப்பாவின் சலவைக்கடைப் பின்னறையில். இரண்டாம் உலகப் போர்க் காலம், குண்டுக்குத் தட்டுப்பாடு. முதலில் குண்டு செய்யும் அச்சு, அப்புறம் கூட்டைச் சுருக்கும் அச்சு.

நண்பர் விரல் நுனியில் லேனோலின் மசகைத் தொட்டு, கூட்டின் உடம்பில் ஒரு சுற்றுத் தடவினார். ஆட்டு ரோமத்திலிருந்து எடுக்கும் அதே மெழுகுக் கொழுப்புதான். கைக்குப் பூசும் க்ரீமிலும் இருக்கும். மசகு இல்லாமல் இழுத்தால் பித்தளை எஃகுச் சுவரில் ஒட்டிக்கொண்டு, திரும்பி வர மறுக்கும். வற்புறுத்தினால் கீழ்ப்பிடி கூட்டின் விளிம்பைப் பிய்த்துக்கொண்டு வந்துவிடும். அதிகம் தடவினாலும் தொல்லை. எண்ணெய்க்கு நசுங்கத் தெரியாது. போக வழியில்லாமல் தோளுக்கு மேலே தேங்கி, பித்தளையில் குழி விழவைக்கும். நெம்புகோல் இறங்கியது. பாதி வழியில் கை கனப்பதை நானே இழுத்துப் பார்த்து உணர்ந்தேன். உச்சியில் ஒரு ‘டிக்’. அச்சின் நடுவில் தொங்கும் ஊசி, அடியில் இருந்த செத்த கேப்பைத் தள்ளிவிட்டது. அது கீழே டப்பாவில் விழுந்த சத்தம்.

(கேப்பிலும் ஒரு குறும்பு உண்டு. நடுவில் ஒரே துளை உள்ள அமைப்பு எட்வர்ட் பாக்ஸர் என்ற ஆங்கிலேயர் பெயரில் இருக்கிறது. அதை விரும்பியது அமெரிக்கா. நடுவை விட்டு விலகி இரண்டு துளை உள்ள அமைப்பு ஹைரம் பெர்டான் என்ற அமெரிக்கர் பெயரில். அது குடிபோனது ஐரோப்பாவுக்கு. நடுத்துளை இருந்தால்தான் ஊசி நேராக இறங்கும். அமெரிக்கக் கராஜ்களில் இந்தப் பொழுதுபோக்கு செழித்ததற்கு அந்த ஒற்றைத் துளையும் ஒரு காரணம்.)

இப்போது புதிர். அச்சின் கழுத்துப் பகுதி என்ன அளவுக்குக் குடையப்பட்டிருக்கிறதோ, அந்த அளவுக்குக் கூடு வெளியே வருவதில்லை. எப்போதும் ஒரு நூலளவு பெரிதாகத்தான் வரும். அதுவும் ஒவ்வொரு கூட்டுக்கும் ஒவ்வொரு அளவு. இரண்டு முறை சுட்ட கூடு ஒரு மாதிரி, எட்டு முறை சுட்ட கூடு வேறு மாதிரி. அச்சு அதே அச்சு, இழுத்த கையும் அதே கை.

பவானி ஜமக்காளத்தைக் கொண்டு இதைப் புரிந்துகொள்ளலாம். கல்யாண மண்டபத்தில் விரித்த பெரிய ஜமக்காளத்தை ஒரு சாண் நகர்த்த வேண்டும். ஓரத்தைப் பிடித்து மொத்தமாக இழுத்தால் நாலு பேர் வேண்டும். அனுபவப்பட்டவர் அப்படிச் செய்யமாட்டார். ஒரு ஓரத்தில் சிறு மடிப்பு ஒன்றை எழுப்பி, அந்த மடிப்பைக் காலால் தள்ளிக்கொண்டே மறுமுனைக்குப் போவார். மடிப்பு மறுபக்கம் இறங்கியதும் ஜமக்காளம் முழுக்க நகர்ந்திருக்கும். ஒரு நேரத்தில் தரையை விட்டு எழுந்தது ஒரு கோடு மட்டும்தான்.

உலோகத்துக்குள் அணுக்கள் பாய் விரித்ததுபோல் வரிசை வரிசையாக அடுக்கியிருக்கின்றன. அந்த அடுக்கில் அங்கங்கே இப்படி மடிப்புகள் உண்டு. வரிசை பிசகிய கோடுகள். வரிசைப்பிசகு என்றே அழைக்கலாம். லேசாக அழுத்தினால் அணுக்கள் கொஞ்சம் நெருங்கும், விட்டதும் பழைய இடத்துக்கு வரும்: இது மீள்மை. இன்னும் அழுத்தினால் வரிசைப்பிசகுகள் ஓடத் தொடங்கும். ஓடிய பிறகு அடுக்கு நிரந்தரமாக மாறிவிடும்: இது குழைமை. எந்த வளைப்பிலும் இரண்டும் கலந்தே இருக்கின்றன. விட்டதும் மீள்மைப் பங்கு திரும்பி வருகிறது, குழைமைப் பங்கு தங்கிவிடுகிறது. பின்மீள்வு என்று நாம் பெயர் வைத்தது அந்த மீள்மைப் பங்கைத்தான்.

வரிசைப்பிசகு முதலில் வெறும் ஊகம். கணக்குப்படி இருக்க வேண்டியதைவிட உலோகங்கள் எத்தனையோ மடங்கு மெத்தென்று இருப்பது ஏன் என்று குழம்பியவர்களில் ஜி. ஐ. டெய்லர், எகோன் ஓரோவான், மைக்கேல் பொலான்யி மூவரும் 1934-இல் தனித்தனியாக இந்த விடைக்கு வந்தார்கள். கண்ணால் காண இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 1956-இல் கேம்பிரிட்ஜில் பீட்டர் ஹிர்ஷும் கூட்டாளிகளும் மெல்லிய அலுமினியத் தகட்டை மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தபோது, அந்தக் கோடுகள் கண்ணெதிரே ஊர்ந்து போயின.

ஒரு மடிப்பு ஓடினால் சுலபம். ஆயிரம் மடிப்புகள் எல்லாத் திசையிலும் ஓடினால்? பாண்டி பஜாரில் தீபாவளிக்கு முந்தின நாள் மாதிரிதான். வளைக்க வளைக்க உலோகத்துக்குள் புதுப்புது வரிசைப்பிசகுகள் பிறக்கின்றன, ஒன்றின் வழியை ஒன்று மறிக்கின்றன, சிக்கு விழுகிறது. உலோகம் இறுகுகிறது. இதை உழைப்பிறுக்கம் என்கிறேன்: உழைத்து உழைத்து இறுகிப்போவது. செப்புக் கம்பியின் கூன் இதனால்தான் நிமிரவில்லை. வளைந்த இடம் ஒருமுறை உழைத்து இறுகிவிட்டது. உழைக்காத பக்கத்து இடம் இன்னும் இளசாக இருக்கிறது. நாம் கொடுக்கும் விசைக்கு இளசுதான் பணியும்.

பித்தளைக் கூட்டின் கழுத்துக்கு வருவோம். நன்றாக இளகிய பித்தளை தன் அளவில் ஆயிரத்தில் ஒரு பங்குக்குக் குறைவான மாற்றத்தில் மீள்மையை விட்டுக் குழைய ஆரம்பிக்கும். இறுகிய பித்தளை ஆயிரத்தில் நான்கு பங்கு வரை மீள்மையிலேயே தாங்கும். எட்டரை மில்லிமீட்டர்க் கழுத்தில் இதைக் கணக்குப் போட்டால், இளசான கழுத்தின் பின்மீள்வு 0.01 மி.மீ.க்கும் குறைவு, இறுகியதன் பின்மீள்வு 0.03-ஐத் தாண்டும். நிஜ விவரம் இன்னும் சிக்கலானது என்றாலும் தோராயத்துக்கு இது போதும். 8.53 மி.மீ. துளைக்குள் இரண்டையும் அழுத்தி எடுத்தால் ஒன்று 8.54 என்று வரும், மற்றது 8.56 என்று வரும். குண்டு உட்கார வேண்டிய அளவு 8.58. ஒன்றில் 0.04 அளவுக்குப் பிடி, மற்றதில் அதில் பாதி. குண்டு கழுத்தை விட்டுக் கிளம்பும் கணத்தில் இந்த வித்தியாசம் வேகத்தில் தெரியும். தொலைவில் உள்ள அட்டையில் மேலே ஒன்று கீழே ஒன்று என்று ஓட்டை விழும்.

அளவச்சைத் தேர்ந்தெடுப்பது என்பது ஆக, பித்தளைக்கு எவ்வளவு வேலை கொடுக்கப் போகிறோம் என்பதைத் தேர்ந்தெடுப்பதுதான்.

கடையில் சாதாரணமாகக் கிடைப்பது முழு அளவச்சு. கூட்டின் உடம்பு, தோள், கழுத்து மூன்றையும் ஒரே இழுப்பில் சுருக்கும். யார் கழுத்துச்சுவர் எவ்வளவு மெல்லிசோ என்று தயாரிப்பாளருக்குத் தெரியாது. அதனால் எல்லோருக்கும் போதுமானபடி கழுத்தை வேண்டியதைவிட அதிகமாகவே இறுக்கிவிடுவார். நண்பரின் அச்சில் 8.71 இருந்த கழுத்து 8.41-க்குப் போனது. பிறகு கூடு இறங்கி வரும்போது, ஊசித்தண்டில் இருக்கும் ஒரு விரிப்புக் குமிழ் கழுத்துக்குள் உரசி அதை மறுபடி 8.53-க்கு விரிக்கும். தையற்காரர் முதலில் இரண்டு அங்குலம் கூடப் பிடித்துத் தைத்துவிட்டு அப்புறம் பிரித்துவிடுவதைப் போல. வேலை நடக்கும், துணிதான் பாவம். தேவைப்பட்ட சுருக்கம் 0.18, கழுத்து நடந்த தூரம் 0.42. அத்தனையும் உழைப்பிறுக்கமாகச் சேரும். போதாக்குறைக்கு, குமிழ் இழுக்கிற இழுப்பில் கழுத்து ஒரு பக்கமாகச் சாயவும் செய்யும்.

இதற்கு மாற்று, கழுத்துக்கு மட்டும் தனி வளையம் மாட்டும் அச்சு. எஃகில் செய்த சின்ன வளையங்கள், அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு இடைவெளியில் வரிசையாக விற்கும். குண்டு பொருந்திய கழுத்தை அளந்து, அதைவிட அங்குலத்தில் ஆயிரத்தில் இரண்டு பங்கு சிறிய வளையத்தைப் போட்டுக்கொள்ளலாம். குமிழ் வேண்டாம். கழுத்து நடக்கும் தூரம் பாதிக்கும் கீழே வந்துவிடும். என் கண்ணுக்கு இந்தத் தொழிலிலேயே புத்திசாலித்தனமான சாமான் இதுதான். பொதுவான ஒரு அச்சுக்கு எல்லாப் பித்தளையையும் வளைக்காமல், பித்தளையின் கனத்தைக் கேட்டு அச்சை மாற்றுகிறது.

கழுத்தை மட்டும் சுருக்கி, உடம்பைத் தொடாமல் விடும் கழுத்தச்சும் உண்டு. கூடு அந்த அறைக்குள்ளேயே உப்பியது. அந்த அறைக்குத்தானே திரும்பப் போகிறது, உடம்பை எதற்குத் தொந்தரவு செய்ய வேண்டும் என்பது வாதம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு முறை சுடும்போதும் உடம்பும் இறுகுகிறது. இறுக இறுகப் பின்மீள்வின் கணக்கு மாறி, சில சுற்றுகளில் கூடு அறைக்குள் முரண்டு பிடிக்கும், பின்கதவான போல்ட் மூட மறுக்கும். நண்பர் பல ஆண்டு கழுத்தச்சுக் கட்சியில் இருந்துவிட்டுத் தாவியவர். போட்டிக்காரர்களில் பெரும்பாலோரும் இன்று முழு அளவச்சு பக்கம்தான், ஆனால் ஒரு நிபந்தனையோடு: தோளை ஒரு துளிக்கு மேல் தள்ளக்கூடாது.

அந்தத் துளிதான் இதில் உயிர்நாடி.

கூடு அறைக்குள் எவ்வளவு தூரம் போய் நிற்கும் என்பதைத் தீர்மானிப்பது தோள். அச்சு தோளை அதிகம் பின்னால் தள்ளிவிட்டால், கூட்டின் அடிக்கும் போல்ட்டுக்கும் நடுவே காலியிடம் விழும். சுட்டவுடன் கூட்டின் முன்பாதி அறைச்சுவரில் அப்பிக்கொண்டு நகராது. அடிப்பாதி மட்டும் அழுத்தத்தில் பின்னால் போய் போல்ட்டில் மோதும். நடுவில் மாட்டிக்கொண்ட பித்தளை இழுபடும், அடிக்குச் சற்று மேலே, கனமான பகுதி மெல்லிசாக மாறுகிற இடத்தில். மறுபடி தோளைத் தள்ளினால் மறுபடி இழுபடும். ஒவ்வொரு சுற்றிலும் அதே இடம். ஜவ்வு மிட்டாய் அறுவதற்கு முன் நடுவில் மெலிவதைப் பார்த்திருப்பீர்கள். ஒருநாள் அடி தனியாக, உடம்பு தனியாகக் கழன்றுவிடும். வாயு பின்னால் பாயும்.

இதை முன்கூட்டியே கண்டுபிடிக்கும் வழி விலையில்லாதது. ஒரு காகிதக் கிளிப்பை நிமிர்த்தி (பாருங்கள், மறுபடி நிமிர்த்துகிற வேலை), நுனியைக் கொக்கியாக மடித்து, கூட்டுக்குள் விட்டு உட்சுவரை அடியிலிருந்து மேலே வருடுகிறார்கள். மெலிந்த இடத்தில் நுனி ஒரு பள்ளத்தில் இடறும். நண்பர் ஒரு பழைய கூட்டைக் கொடுத்து என்னை வருடச் சொன்னார். கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை, வெளியே ஒரு பளபளப்பான வளையம் தவிர. கம்பி நுனி ‘தட்’டென்று விழுந்தது. அறுத்துக் காட்டினார், சுவர் காகிதம்போல் இருந்தது.

சரி, துளி என்றால் எவ்வளவு? மில்லிமீட்டரில் நூறில் ஐந்து பங்கு, 0.05. ஜெராக்ஸ் தாளின் கனத்தில் பாதி. அச்சை மேலும் கீழும் நகர்த்த வழி அதன் வெளிமரைதான். அங்குலத்துக்குப் பதினான்கு புரி. ஒரு முழுச்சுற்று திருகினால் 1.81 மி.மீ. இறங்கும். 0.05-க்கு வெறும் பத்து டிகிரி. கடிகாரத்தின் பெரிய முள் இரண்டு நிமிடத்தில் நகர்வதைவிடக் குறைவு. அச்சோடு வரும் துண்டுத்தாளில் பொதுவாக இருக்கும் அறிவுரையோ ‘பிடியைத் தொடும்வரை திருகு, அப்புறம் கால் சுற்று’ என்பது. கால் சுற்று என்பது 0.45 மி.மீ.; அதில் பெரும்பகுதி பிரஸ்ஸின் தளர்வை எடுப்பதற்கே போய்விடும் என்றாலும், எஞ்சியது எவ்வளவு என்று அந்தத் தாளுக்குத் தெரியாது. உங்கள் துப்பாக்கியின் அறையை அது பார்த்ததில்லை.

இங்கே பித்தளை இன்னொரு வித்தை காட்டும். அச்சைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கிக்கொண்டே வந்து தோளின் உயரத்தை அளந்தால், தோள் முதலில் பின்னால் போகாமல் முன்னால் வளரும்! அளந்தவர் தன் கருவியையே சந்தேகப்படுவார். குயவர் சக்கரத்தை நினைத்துக்கொண்டால் சந்தேகம் தீரும். பக்கவாட்டில் கையால் அணைத்தால் மண் உயரும். அச்சு முதலில் உடம்பைச் சுற்றிலும் நெருக்குகிறது. நெருக்கப்பட்ட பித்தளை போக இடமின்றி மேலே ஏறுகிறது. அச்சின் தோள் இறங்கி வந்து தொட்ட பிறகுதான் அது பின்வாங்கும். பாதி வழியில் நிறுத்திக்கொண்டு ‘மென்மையாகச் சுருக்கினேன்’ என்று நினைப்பவர் கையில், அறைக்குள் போகாத கூடுதான் இருக்கும்.

அச்சு தோளைத் தொட்டுவிட்டதா என்று எப்படித் தெரியும்? மெழுகுவத்திச் சுடரில் கூட்டின் தோளைக் காட்டிக் கரி படியவைத்து, அச்சுக்குள் அனுப்பி எடுப்பது பழைய வழி. தொட்ட இடத்தில் கரி அழிந்திருக்கும். இப்போது மார்க்கர் பேனா. சுட்டு வந்த கூட்டின் தோள் உயரத்தை முதலில் அளந்து எழுதிவைத்து, பத்துப் பத்து டிகிரியாக அச்சைத் திருகி, அதைவிட 0.05 குறையும் இடத்தில் பூட்டுநட்டை இறுக்குவது முறையான வழி. அன்று நண்பருக்கு இதற்கு முக்கால் மணி நேரம் பிடித்தது. ஆறு கூடுகள். ஒன்று மட்டும் 0.02 அதிகமாக நின்றது. அது மற்றவற்றைவிடப் பல முறை சுட்ட கிழடு. மறுபடி அச்சுக்குள் விட்டு, நெம்புகோலை உச்சியில் சில விநாடி நிறுத்தி எடுத்தார். கொஞ்சம் படிந்தது. முழுக்கப் படியவில்லை.

சுருக்கி முடித்த பித்தளை வெளியில் அமைதியாகத் தெரியும். உள்ளே இல்லை. அணு அடுக்கின் ஒரு பகுதி இழுபட்டும் மறுபகுதி நசுங்கியும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டிருக்கும். இந்த உள்விறைப்பை உலகுக்குக் காட்டிக்கொடுத்த கதை இந்தியாவில் நடந்தது. பிரிட்டிஷ் ராணுவம் இங்கே குதிரை லாயங்களில் அடுக்கி வைத்திருந்த தோட்டாக்களின் பித்தளைக் கூடுகள், யாரும் தொடாமலே விரிசல் விட்டன. அதுவும் மழைக்காலத்தில். பருவ விரிசல் என்றே அதற்குப் பெயர் வந்தது. மழைதான் காரணம் என்று நினைத்தார்கள். 1921-இல் மூர், பெக்கின்சேல், மாலின்சன் என்ற மூவர் முடிச்சை அவிழ்த்தார்கள்: குதிரை மூத்திரத்திலிருந்து எழும் அம்மோனியா, ஈரத்தில் கரைந்து பித்தளையின் மேல் படிகிறது. உள்விறைப்போடு காத்திருக்கும் பித்தளையில், உலோகத்தின் நுண்ணிய படிக மணிகளின் எல்லைக் கோடு வழியே அது நுழைந்து பிளக்கிறது. அம்மோனியா மட்டும் இருந்தால் இப்படிப் பிளக்காது. விறைப்பு மட்டும் இருந்தாலும் பிளக்காது. இரண்டும் சேர வேண்டும்.

லாயங்களைக் காலி செய்யாமலே இதைத் தீர்க்க முடிந்தது. பித்தளையை 300 டிகிரி செல்சியஸை ஒட்டிய மிதமான சூட்டில் வைத்து எடுத்தால் இறுக்கம் குறையாமல் விறைப்பு மட்டும் தணிந்துவிடுகிறது. அமெரிக்கக் கராஜ்களில் இந்தப் பாடம் வேறு உருவில் இன்றும் உயிரோடு இருக்கிறது: அம்மோனியா கலந்த பித்தளைப் பாலிஷைக் கூட்டின் பக்கமே கொண்டுவரக்கூடாது. அவர்கள் கூடுகளைக் கழுவுவது எலுமிச்சை அமிலத்தில். குத்துவிளக்குக்குப் புளி போட்டுத் தேய்க்கிற நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

சிக்கு விழுந்து இறுகிய கழுத்தை மறுபடி இளசாக்கவும் நெருப்புதான் வழி. இன்னும் கூடுதல் சூடு. அடுக்கு கலைந்த பழைய மணிகளை விழுங்கிக்கொண்டு, சிக்கில்லாத புதுப் படிக மணிகள் முளைக்கும். இளக்கிக் காய்ச்சுதல் என்போம். தவலையும் அண்டாவும் அடித்த நம் கன்னார்களுக்கு இது கைப்பழக்கம்: தட்டு, இறுகியதா, உலையில் காட்டு, மறுபடி தட்டு. காய்ச்சிய எஃகைத் தண்ணீரில் முக்கினால் இறுகும். பித்தளையை முக்கினால் ஒன்றும் ஆகாது, சீக்கிரம் ஆறும், அவ்வளவுதான். நண்பர் கூட்டைச் சுழலவிட்டு, கழுத்தில் மட்டும் சில விநாடி கேஸ் சுடரைக் காட்டி எடுத்தார். அடிப்பக்கம் கைபொறுக்கும் சூட்டைத் தாண்டக்கூடாது என்பதில் மட்டும் அவரிடம் விளையாட்டே இல்லை. அடி இளகினால் 62,000 பவுண்டைத் தாங்க ஆளில்லை. ஒரே கூட்டில் கழுத்து இளசாகவும் அடி இறுக்கமாகவும் இருந்தாக வேண்டும்.

காய்ச்சிய ஆறையும் வளைய அச்சில் போட்டு எடுத்து அளந்தோம். அந்தக் கிழடும் இப்போது மற்ற ஐந்தோடு ஒரே அளவில் நின்றது.

அடுத்த முறை ராணுவ அருங்காட்சியகத்திலோ செய்திப் படத்திலோ ரைஃபிள் தோட்டா கண்ணில் பட்டால் கழுத்தையும் தோளையும் உற்றுப் பாருங்கள். மஞ்சள் பித்தளையில் அங்கே மட்டும் நீலமும் பழுப்புமாக ஒரு கறை ஓடியிருக்கும். துடைக்காமல் விட்ட அழுக்கு என்று நினைத்துவிடாதீர்கள். தொழிற்சாலையில் கழுத்தைக் காய்ச்சி இளக்கியாயிற்று என்பதற்கான அடையாளம் அது. ராணுவத் தோட்டாக்களில் அதைத் தேய்த்துப் போக்காமல் அப்படியே விட்டுவைக்கிறார்கள்.